பழைய கோல்ஃப் கேப்ரியோலேயில் 1.9 டிடிஐ எஞ்சின் வைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: 1980களின் கடைசியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலே, அதாவது கூரை திறக்கும் கோல்ஃப், கையில் இருக்கிறது. அதன் 1.8 பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. விபத்தில் நொறுங்கிய ஒரு மூன்றாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து 1.9 டிடிஐ (நேரடி இன்ஜெக்ஷன் டர்போ டீசல்) எஞ்சின் கிடைக்கும்போலத் தெரிகிறது. அது இந்தக் காரில் உட்காருமா? எரிபொருள் மிச்சமாகுமா? ஓட்ட நன்றாக இருக்குமா?

உட்காரும். மிச்சமாகும், ஆனால் போட்ட காசு திரும்பி வரும் அளவுக்கு இல்லை. நன்றாக இருக்குமா என்பதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். அது எஞ்சினைவிட உங்கள் காரின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மிச்சக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பெட்ரோலில் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர், டிடிஐயில் 5.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூரை திறக்கும் காரை வெயில் நாளில்தான் வெளியே எடுப்போம். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. அப்படியானால் மிச்சம் வருடத்துக்கு 175 லிட்டர். எஞ்சின், கியர்பாக்ஸ் வேலை, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், சைலன்சர் குழாய், ஒயரிங், மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த 175 லிட்டர் பல வருடம் ஓடினாலும் ஈடுகட்டாது. பழைய எஞ்சினைப் பிரித்து ரிங்கும் பேரிங்கும் வால்வ் சீலும் மாற்றிக் கட்டுவது இதைவிட மலிவு. மைலேஜுக்காக என்றால் வேண்டாம், அதையே செய்யுங்கள்.

வேறு ஒரு காரணம் இருந்தால் மேலே படிக்கலாம். 1.8 பெட்ரோல் எஞ்சின் வகையைப் பொறுத்து 95, 98 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும்; 112 பிஎஸ் தரும் வகையும் உண்டு. மூன்றாம் தலைமுறை கோல்ஃபின் ஆரம்ப டிடிஐ, அதாவது 1இசட் எஞ்சின், வெறும் 90 பிஎஸ்தான். ஆனால் நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே 202 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஒரு டன் எடைக்குள் இருக்கும் காரில் இது என்ன செய்யும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கூரையைத் திறந்துவிட்டு, மலைப்பாதையில் நான்காவது கியரில் போட்டுவிட்டால் போதும், கை கியர் பக்கம் போகவே போகாது. திறந்த காரை யாரும் 6,000 சுற்றில் அலறவிட்டு ஓட்டுவதில்லை. நிதானமாக ஓட்டுகிறவருக்கு டீசலின் குணம் ஒத்துப்போகிறது.

எஞ்சின் ஏன் உட்காருகிறது என்றால், இரண்டும் ஒரே குடும்பம். ஃபோக்ஸ்வாகன் 1976ல் கோல்ஃபுக்கு முதல் டீசலைக் கொண்டுவந்தபோது புது எஞ்சின் வடிவமைக்கவில்லை. இஏ827 என்ற பெட்ரோல் எஞ்சினையே அடிப்படையாக வைத்து 1.5 லிட்டர், 50 பிஎஸ் டீசல் செய்தது. பின்னால் 1.6 ஆகி, 1.9 ஆனபோதும் சிலிண்டர் மையத்துக்கு மையம் 88 மில்லிமீட்டர் என்ற கணக்கு மாறவில்லை. கியர்பாக்ஸ் பொருத்தும் போல்ட் துளைகளும் அதே இடத்தில் இருக்கின்றன. உங்கள் கேப்ரியோலேயோ, இரண்டாம் தலைமுறை கோல்ஃப் வந்து, மூன்றாவதும் வந்த பிறகுகூட, 1993 வரை முதல் தலைமுறை உடம்பிலேயே ஓஸ்னாப்ரூக் நகரில் இருந்த கார்மன் ஆலையில் தயாரானது. அடுத்து வந்த கேப்ரியோலேயில் ஃபோக்ஸ்வாகனே 90 பிஎஸ் டிடிஐ வைத்து விற்றது. ஆகவே இது காருக்குச் செய்யும் துரோகம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

எந்த டீசல் என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. டிடிஐ கிடைத்துவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். நான் தேடுவதாக இருந்தால் ஏஏஇசட் என்ற 1.9 டர்போ டீசலை முதலில் தேடுவேன். 75 பிஎஸ், பாஷ் நிறுவனத்தின் விஇ என்ற மெக்கானிக்கல் டீசல் பம்ப். அதில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயாமல், தலைப்பகுதியில் உள்ள சிறு அறையில் முதலில் பற்றுகிறது. அழுத்தம் படிப்படியாக ஏறுவதால் அடி மெதுவாக விழுகிறது, சத்தமும் குறைவு. கம்ப்யூட்டர் கிடையாது, பம்பின் நிறுத்து வால்வுக்கு ஒரு ஒயர், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் ரிலேக்குச் சில ஒயர், வேலை முடிந்தது. டிடிஐயில் டீசல் பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் நேரடியாகப் பாய்கிறது. சிக்கனமும் இழுவையும் அதனால்தான்; அந்தக் கரகர சத்தமும் அதனால்தான். எப்படியும் டிடிஐ என்றால் 1இசட் அல்லது அதன் தம்பியான ஏஹெச்யூ எடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பம்ப் இன்ஜெக்டர் வைத்த பிற்கால 1.9 எஞ்சின்களைத் தொட வேண்டாம். அடி இன்னும் முரடு, எலக்ட்ரானிக்ஸும் அதிகம். டிடிஐயில் மெக்கானிக்கல் பம்ப் போட்டு ஒயரிங் தொல்லையை ஒழிப்பவர்கள் உண்டு. பம்பைக் கழற்றி அளவு வைக்கத் தெரிந்தவருக்கு அது சரி. தெரியாதவர் செய்தால் ஐட்லிங்கில் திணறும், மிதித்தால் கருப்புப் புகை தள்ளும்.

இனி காரின் உடம்பு. உறையிலிருந்து உருவிய தீப்பெட்டியின் உள்பெட்டியை இரு முனையிலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், உடனே முறுகும். உறைக்குள் தள்ளிவிட்டுத் திருகினால் அவ்வளவு லேசில் அசையாது. கூரை உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் வித்தியாசம் அதுதான். கூரை போனதும் பாரம் முழுவதையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரமும் தரையும் சுமக்கின்றன. கார்மன் அடிப்பகுதியைப் பலப்படுத்தி, நடுவில் நிரந்தர வளைவுக் கம்பியையும் வைத்தது. அப்படியும் மேடுபள்ளத்தில் கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் தனித்தனியே நடுங்குவதை இந்தக் காரை ஓட்டிய எல்லோரும் அறிவார்கள்.

இந்த உடம்பில் டீசலை வைத்தால் என்ன ஆகும்? ஐட்லிங் 900 சுற்று என்றால் நொடிக்கு 15 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக நொடிக்கு 30 அடி. பழைய திறந்த கார்களின் உடம்பு தானாக முறுகி அதிரும் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 20 தடவைக்குள் இருக்கும். 30 அதிலிருந்து தள்ளி நிற்கிறது, நல்லது. ஆனால் நான்கு இன்ஜெக்டரில் ஒன்று மட்டும் கூடவோ குறையவோ டீசல் தந்தால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எஞ்சின் சாய்ந்து எழும். அது நொடிக்கு 7.5 உலுக்கல், அதோடு அதன் இரட்டிப்பான 15ம் சேர்ந்து வரும். 15 என்பது உடம்பின் சொந்த அதிர்வுக்குள் நேராகப் போய் விழுகிற எண். மூடிய காரில் கவனிக்கவே முடியாத ஒரு சின்ன இன்ஜெக்டர் கோளாறு, திறந்த காரில் பின்பார்வைக் கண்ணாடியையே மங்கலாக்கிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனது முதல் மாற்றத்தில் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் உதறும், கண்ணாடியில் பின்னால் வரும் காரின் நிறம் மட்டும்தான் தெரியும். மவுண்ட்தான் காரணம் என்று இரண்டு தடவை மாற்றினேன். இடையில் யாரோ சொன்னார்கள் என்று கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போட்டு இன்னும் கெடுத்தேன். பந்தயக் காருக்கு அது சரி, திறந்த காரில் எஞ்சினின் ஒவ்வொரு அடியையும் தகரத்துக்குக் கடத்திவிடும். கடைசியில் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தபோது ஒன்று மற்றவற்றைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொண்டிருந்தது. நான்குக்கும் புது நாசில் போட்டு, ஒரே அழுத்தத்துக்கு அளவு வைத்ததும் கண்ணாடி தெளிந்துவிட்டது. ஆகவே எஞ்சின் வெளியே இருக்கும்போதே இன்ஜெக்டர் நான்கையும் சோதனை மேசையில் வைத்துப் பாருங்கள். டிடிஐயின் மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரில் ஊசி எழும்புவதை உணரும் சென்சார் இருக்கும், அந்த ஒயரை மட்டும் அறுத்துவிடாதீர்கள்.

மவுண்ட் மென்மையான அசல் ரப்பராகவே இருக்கட்டும்; உள்ளே திரவம் நிரப்பிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஐட்லிங்கை 50 சுற்று ஏற்றி வைத்தால் அதிர்வு குறையும்.

எஞ்சினை நிறுத்தும்போது வரும் ஒரு பெரிய குலுக்கல் மட்டும் போகாது. 900லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் வழியில் நொடிக்கு 30 என்றிருந்த அடி 20, 15, 10 என்று உடம்பின் அதிர்வு வேகத்தைக் கடந்துதானே போக வேண்டும்? பிற்கால டிடிஐகளில் சாவியைத் திருப்பியதும் காற்றுக்குழாயை அடைக்கும் ஒரு தகடு இருக்கும்; காற்று இல்லாததால் சிலிண்டரில் அழுத்தம் ஏறாமல் எஞ்சின் மெதுவாக அடங்கும். அதை வாங்கி இதில் பொருத்தலாம். இன்னொரு பயனும் உண்டு. டர்போ சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓட ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைப்பதுதான் வழி.

ஆறு சிலிண்டர் டீசல்களில் இந்தப் பாடு மிகக் குறைவு, அமைப்பிலேயே சமநிலை கொண்டவை அவை. பழைய மெர்சிடிஸ் எஸ்எல் வைத்திருப்பவர்கள் ஆர்129 என்ற தலைமுறை உடம்பில் ஓஎம்606 என்ற ஆறு சிலிண்டர் டீசலை வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: 3 லிட்டர், 24 வால்வ், 177 பிஎஸ், 330 நியூட்டன் மீட்டர். அதற்கு முந்தைய ஆர்107ல் ஓஎம்617 என்ற ஐந்து சிலிண்டரை வைக்கிறார்கள். அது லாரி போல உழைக்கும், லாரி போலவே பேசவும் செய்யும்.

எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் காரைத் தூக்கிப் பாருங்கள். நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது இரு கதவுகளின் பின் இடைவெளியையும் மேலேயும் கீழேயும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் மாறினால் பரவாயில்லை. கதவு திறக்க அடம்பிடித்தாலோ, மூடும்போது இடித்தாலோ, பெட்டித் தகரம் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரில் முதல் செலவு வெல்டிங். அதைச் செய்யாமல் டீசல் வைத்தால் முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி மூலையில் விரிசல் விடும். வெல்டிங் செய்யும்போதும் கதவுத் துவாரத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் பொருத்தி இறுக்கிவிட்டுத்தான் பழைய தகரத்தை வெட்ட வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

கியர்பாக்ஸ் அடுத்த தலைவலி. உங்கள் காரில் இருப்பது 020 என்ற பெட்டி. 202 நியூட்டன் மீட்டர் அதற்கு அதிகம். இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள்தான் அதன் பேர்போன பலவீனம். ஒன்று அறுந்து கழன்றால் பெட்டியின் வெளி உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெட்டியைத் திறந்து ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துவிட்டுப் போல்ட் போடுவது பழகிய வேலை, அதைத் தவிர்க்காதீர்கள். அப்புறம் பல் விகிதம். கடைசி விகிதம் 3.94, ஐந்தாம் கியர் 0.91 என்று இருக்கும் பெட்டியில், டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் உருண்டால், 120 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 4,000 சுற்றில் ஓடும். பெட்ரோலுக்கு அது இயல்பு; 4,500ல் மூச்சு முட்டும் டீசலுக்குத் தண்டனை. நல்லவேளையாக இந்தப் பெட்டியில் ஐந்தாம் கியர் ஓரத்து மூடிக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. பெட்டியை இறக்காமலே அதை 0.75க்கு மாற்றலாம். சுற்று 3,300க்கு இறங்கும்.

நிதானமாக ஓட்டுவீர்கள் என்றால் இது போதும். பழைய கேபிள் கிளட்ச், பழைய கியர் தடி எல்லாம் அப்படியே இருக்கும். போதாது என்றால் டிடிஐயோடு வந்த 02ஏ பெட்டியையே வைக்க வேண்டும். அது பலசாலி, விகிதங்களும் டீசலுக்கு ஏற்றவை. ஆனால் கியர் மாற்றுவது கேபிளில், கிளட்ச் ஹைட்ராலிக்கில்; ஆக பெடல், மாஸ்டர் சிலிண்டர், மவுண்ட் தாங்கி, ஆக்சில் எல்லாம் மாறும். ஆக்சில் இணைப்புத் தட்டு 90 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஒரு விஷயம் குழப்பும்: 020ல் கிளட்ச் அமைப்பே தலைகீழ். பிரஷர் பிளேட் நேராக கிராங்கில் உட்காரும், பிளைவீல் அதன்மேல் வரும், தள்ளுகம்பி கியர்பாக்ஸ் தண்டுக்குள்ளே ஓடும். 02ஏயில் வழக்கம்போல பிளைவீல்தான் கிராங்கில். இரண்டையும் கலந்து வாங்கி வந்து விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டீசலில் காற்றைத் தடுக்கும் திராட்டில் இல்லை, அதனால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் கட்டாயம். 1இசட், ஏஹெச்யூ எஞ்சின்களில் அது பெட்ரோலில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் இருக்கும், எஞ்சினோடு வாங்கிவிடுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், அதற்குள்ளும் அடியிலும் இருக்கும் பெட்ரோல் பம்ப்களை எடுத்துவிட வேண்டும். விஇ பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் வகை பெட்ரோல் கார் என்றால் திரும்பும் குழாய் ஏற்கெனவே இருக்கும். ஈயமற்ற பெட்ரோலுக்கான குறுகிய வாய் இருந்தால் டீசல் குழாய் நுழையாது, அதைப் பெரிதாக்குங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் பழைய இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் எடுத்தது; இனி ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுக்கும் டீசல் மீட்டர் வேண்டும். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் டீசல் அளவில் இருக்க வேண்டும், குளோ பிளக்குக்குத் தடித்த ஒயரும் தனி ஃபியூசும் வேண்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல் மூன்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்றுங்கள். டர்போ எஞ்சின் அறையின் பின்பக்கத் தகரத்தை ஒட்டி வருவதால் அதற்கும் ஸ்டியரிங் ரேக்கின் ரப்பர் உறை, பிரேக் குழாய் ஆகியவற்றுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

வாடை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திறந்த காரில் காற்று முன்கண்ணாடிக்கு மேலே தாவிப் போய், பின்னால் சுழன்று, பின் இருக்கை வழியாக முன்னோக்கித் திரும்பி வருகிறது. உங்கள் முடி முன்பக்கமாகப் பறப்பது அதனால்தான். அந்தச் சுழலில் சைலன்சர் புகையும் சேர்ந்து உள்ளே வரும். பெட்ரோலில் அது பெரிதாகத் தெரியாது; டீசலில் சட்டைக் காலர்வரை வாடை ஏறும். குழாயின் வாய் பம்பருக்கு வெளியே நன்றாக நீட்டியும், சற்றுக் கீழ்நோக்கியும் இருக்கட்டும். கூரையைத் திறக்கும்போது பின் இருக்கைமேல் நிறுத்தும் வலைத் தடுப்பு இந்தச் சுழலை நன்றாகக் குறைக்கும். சத்தம் அவ்வளவு தொல்லை தராது. 80ஐத் தாண்டினால் காற்றுச் சத்தம் எஞ்சினை மூடிவிடும். ஆனால் இரு பக்கமும் சுவர் உள்ள குறுகிய தெருவில் போகும்போது கரகரப்பு அப்படியே உங்கள் காதுக்குத் திரும்பி வரும். எஞ்சினுக்கு அடியில் டீசல் மாடல்களுக்கு வரும் பிளாஸ்டிக் தட்டைப் போடுங்கள், பானெட்டுக்கு அடியில் மெத்தை ஒட்டுங்கள்.

காகித வேலையை எஞ்சின் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எரிபொருள் வகை மாறினால் பதிவும், காரின் புகை வகுப்பும் மாறலாம். லண்டனின் குறைபுகை மண்டலத்தில் பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், டீசலுக்கு யூரோ 6 வேண்டும். 1990களின் டிடிஐ அதன் பக்கத்தில்கூட வராது. ஜெர்மனியில் 30 வயதான கார்களுக்குத் தரும் பாரம்பரிய நம்பர் பிளேட்டுக்கு, செய்த மாற்றம் அந்தக் காருக்கும் காலத்துக்கும் ஒத்ததா என்று பரிசோதகர் பார்ப்பார். உங்கள் ஊர் விதியைச் சொல்லப்போவது உங்கள் ஊர்ப் பரிசோதகர்தான், எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். அந்த நொறுங்கிய காரை முழுதாக வாங்குங்கள். ஆக்சிலரேட்டர் பெடலில் சென்சார் இருக்கிறது, அது இல்லாமல் டிடிஐ மிதிக்குப் பதில் சொல்லாது. இன்டர்கூலர், ரேடியேட்டர், ஃபில்டர், ரிலே, ஒயரிங் மொத்தமும் வெட்டாமல் வேண்டும். முடிந்தால் அந்தக் காரிலேயே காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கேளுங்கள்: உடனே பற்றி, நான்கு சிலிண்டரும் ஒரே தாளத்தில் ஓடி, வெள்ளைப் புகை சில நொடியில் அடங்கினால் எடுக்கலாம். 1990களின் நடுவுக்குப் பிறகு வந்த கார் என்றால் சாவியையும், சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் சின்ன வளையத்தையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். திருட்டுத் தடுப்பு சிப் அந்தச் சாவிக்குள் இருக்கிறது. அது இல்லையென்றால் எஞ்சின் ஒரு நொடி ஓடிவிட்டு நின்றுவிடும்.